அப்பா இல்லாமல் வளர்ந்தவர்களுக்கு ஒரு கேள்வி: கடவுளை அப்பா என்று எப்படிக் கூப்பிடுகிறீர்கள்?

கரையோரம் எழுதியது:

எனக்கு 27 வயது. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா எங்களை விட்டுப் போய்விட்டார். எங்கேயோ உயிரோடு இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். முகம் நினைவில்லை. வீட்டில் அவர் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். அதனால் நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு அப்பா இருந்தார். நானே உண்டாக்கியவர். கப்பலில் இன்ஜினியர். மீசை வைத்திருப்பார், அதிகம் பேசமாட்டார், பிரமாதமாக நீந்துவார். பெற்றோர் கூட்டம் என்று அறிவித்தால் அவருடைய கப்பல் நடுக்கடலில் இருக்கும். ஒவ்வொரு வகுப்புக்குப் போகும்போதும் அவரைப் பற்றிப் புதிதாக ஏதாவது சேர்த்துக்கொள்வேன். எட்டாம் வகுப்பில் ஒருவன் "உங்கப்பா கப்பல் பேர் என்னடா?" என்று சாதாரணமாகக் கேட்டான். என்னிடம் பதில் தயாராக இல்லை. அன்றோடு அவர் கதை முடிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரி முடித்த பிறகுதான் நான் விசுவாசத்துக்குள் வந்தேன். இயேசுவை நம்புவதில் எனக்குச் சிக்கல் இல்லை. சிக்கல் ஜெபக்கூட்டத்தில் வருகிறது. "கண்களை மூடுங்கள், பரம தகப்பனுடைய மடியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். சுற்றிலும் அழுகைச் சத்தம். எனக்கு யார் வருகிறார் தெரியுமா? கப்பல்காரர். அதே மீசை. ஏற்கெனவே ஒரு அப்பாவைக் கற்பனையில் செய்து வைத்திருந்தவன் நான். இப்போது இரண்டாவதாக ஒருவரைச் செய்துகொண்டிருக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது.

"அப்பா இல்லாத பிள்ளைகளுக்கு ஆண்டவரை அப்பாவாக ஏற்றுக்கொள்வது சுலபம், இடம் காலியாகத்தானே இருக்கிறது" என்று ஒருவர் பிரசங்கத்தில் சொன்னார். அவருக்கு அப்பா இருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இந்த உறவில் ஆறுதல் கிடைத்தது என்று சொல்கிறவர்கள், அது உங்களுக்கு உண்மையில் எப்படி வந்தது என்று சொல்ல முடியுமா? வசனம் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள், ப்ளீஸ்.

* * *

ஜெபவீரன் எழுதியது:

பிரதர், சங்கீதம் 68:5 வாசியுங்கள். "திக்கற்ற பிள்ளைகளுக்குத் தகப்பனும், விதவைகளுக்கு நியாயம் விசாரிக்கிறவருமாயிருக்கிறார்." விசுவாசித்தால் போதும், உணர்வு பின்னால் வரும். உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

* * *

கரையோரம் எழுதியது:

நன்றி பிரதர். ஜெபத்துக்கு உண்மையிலேயே நன்றி. அந்த வசனம் எனக்கு மனப்பாடம். யாராவது என் கதையைக் கேட்டால் முதலில் கையில் கொடுப்பது அதைத்தான்.

* * *

இரவுப்பணி எழுதியது:

தம்பி, நான் உங்களைவிட இருபது வயதாவது மூத்தவள். நர்ஸ். இப்போதுதான் டியூட்டி முடித்து வந்தேன், தூக்கம் வரவில்லை, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

என் அப்பா விட்டுப் போகவில்லை, இறந்துபோனார். எனக்கு ஆறு வயது. விபத்து. வீடு நிறைய ஆட்கள் இருந்த அந்த நேரத்தில் பெரியவர்கள் என்னிடம் இரண்டு விஷயம் சொன்னார்கள். ஒன்று, "அப்பாவை ஆண்டவர் எடுத்துக்கொண்டார்." இரண்டு, "இனிமேல் ஆண்டவர்தான் உனக்கு அப்பா." இரண்டையும் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை இரண்டையும் கூட்டிப் பார்க்காதா? என் அப்பாவை எடுத்தவரே வந்து அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அப்படி உட்கார்ந்திருப்பவர் மடியில் எந்தப் பிள்ளை ஓடிப்போய் ஏறும்? பல வருடம் எனக்கு ஜெபம் என்றால் பயம். நல்ல பிள்ளையாக இல்லாவிட்டால் அடுத்து அம்மாவையும் எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். ஞாயிறு பள்ளியில் எல்லாப் பரிசும் எனக்குத்தான். யாருக்கும் காரணம் தெரியாது.

அதனால் நீங்கள் கேட்டதற்கு என் முதல் பதில்: 'அப்பா' என்று கூப்பிடுவதைக் கொஞ்ச காலம் நிறுத்திவிடுங்கள். பாவம் ஒன்றும் இல்லை. சங்கீதக்காரர்கள் கடவுளைக் கன்மலை, கோட்டை, மேய்ப்பன் என்று எத்தனையோ விதமாகக் கூப்பிடுகிறார்கள். நேராகத் தகப்பன் என்று விளிப்பது அங்கே அபூர்வம். அதைவிட முக்கியம் வேறொன்று. சுவிசேஷங்களில் இயேசு ஜெபிக்கிற இடங்களை வரிசையாக வாசித்துப் பாருங்கள், எல்லா இடத்திலும் 'பிதாவே'தான். ஒரே ஒரு ஜெபம் தவிர. சிலுவையில், "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்கிற ஜெபம். கைவிடப்பட்டதாக உணர்ந்த அந்த நேரத்தில் அவர் வாயிலேயே 'பிதாவே' வரவில்லை, 22ஆம் சங்கீதத்தின் முதல் வரிதான் வந்தது. அதைக் கவனித்தபோது நான் நர்சிங் மாணவி. ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதேன். அவராலேயே சொல்ல முடியாத நேரம் ஒன்று இருந்திருக்கிறது என்றால் என்மேல் குறை இல்லை என்று தோன்றியது. லூக்கா எழுதியதில் அதே சிலுவையில் அவர் 'பிதாவே' என்றும் சொல்கிறார். அதையும் தெரிந்தேதான் சொல்கிறேன். ஒரே சிலுவையில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

இரண்டாவது, உங்கள் கப்பல்காரர். அவரை நான் கேலி செய்யவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சின்னப் பையன் கண்டுபிடித்த வழி அது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர் உங்களிடம் எதையாவது 'முடியாது' என்று மறுத்திருக்கிறாரா? நீங்கள் நினைக்காத ஒன்றைச் செய்திருக்கிறாரா? செய்திருக்க முடியாது. நீங்கள் எழுதிக்கொடுத்ததுதான் அவருக்கு வசனம். நான் பார்த்த கடவுள் அப்படி இல்லை. நான் கேட்டதை அவர் கொடுக்கவில்லை, கேட்காததைக் கொடுத்தார், சில விஷயத்தில் இன்னும் வாயே திறக்கவில்லை. நானாகச் செய்திருந்தால் இதைவிட வசதியான ஒருவரைச் செய்திருப்பேன்!

கண்ணை மூடி மடியைக் கற்பனை செய்வது சிலருக்கு உதவுகிறது. உங்களுக்கும் எனக்கும் அது வேண்டாம். கற்பனையை விட்டுவிட்டு, அவர் என்ன செய்தார் என்று வாசியுங்கள். குறிப்பாக ஆதியாகமம் 21, எட்டாம் வசனத்திலிருந்து. இஸ்மவேல், ஆபிரகாமுக்கும் அடிமைப்பெண் ஆகாருக்கும் பிறந்தவன். அப்பா உயிரோடு, வசதியாக இருக்கும்போதே வெளியே அனுப்பப்பட்ட பையன். கையில் கொடுத்தது அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீரும். 'பிள்ளை' என்று எழுதியிருப்பதால் நாம் குழந்தை என்று நினைத்துக்கொள்கிறோம். கணக்குப் பார்த்தால் தம்பி ஈசாக்கு பிறக்கும்போதே அவனுக்குப் பதினான்கு வயது. என்ன நடக்கிறது என்று முழுதாகப் புரிகிற வயது. தண்ணீர் தீர்ந்ததும் ஆகார் அவனை ஒரு செடியின் கீழ் விட்டுவிட்டு, அவன் சாவதைப் பார்க்கமாட்டேன் என்று தள்ளிப்போய் உட்கார்ந்து அழுகிறாள். தேவதூதன் அவளிடம் என்ன சொல்கிறான்? "பிள்ளையிருக்கும் இடத்திலே தேவன் அவன் சத்தத்தைக் கேட்டார்."

அந்த அதிகாரத்தில் எங்கேயும் கடவுளை 'இஸ்மவேலுக்குத் தகப்பன்' என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? மடி இல்லை, அணைப்பு இல்லை. 'உன் அப்பா ஏன் இப்படிச் செய்தார்' என்று அந்தப் பையனுக்கு விளக்கமும் இல்லை. சத்தத்தைக் கேட்கிறார். தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்டுகிறார். பிறகு ஒரே ஒரு வரி: "தேவன் பிள்ளையுடனே இருந்தார்." அவன் வளர்ந்தான், வில்வித்தையில் வல்லவனானான். அவ்வளவுதான். ஒரு அப்பா செய்ய வேண்டியதை எல்லாம் பெயர் போட்டுக்கொள்ளாமலேயே செய்திருக்கிறார். அந்த வில்வித்தை வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். எனக்கு அந்த இடத்தில் நர்சிங் என்று போட்டு வாசிப்பேன்.

68ஆம் சங்கீதத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதை நமக்குத் தடவிக்கொடுக்கிற வசனமாகத் தருகிறார்கள், அது வழக்காடுகிற வசனம். "நியாயம் விசாரிக்கிறவர்" என்று பக்கத்திலேயே இருக்கிறதே. அந்தக் காலத்தில் அப்பா இல்லாத பிள்ளைக்கு முதல் ஆபத்து மனவருத்தம் இல்லை, நிலத்தையும் உரிமையையும் யாராவது பிடுங்கிக்கொள்வது. அதைக் கேட்க ஆள் இருக்கிறது என்கிறது அந்தச் சங்கீதம். உபாகமம் 24இல் சட்டமாகவே இருக்கிறது: அறுவடையில் ஒரு கதிர்க்கட்டை வயலிலே மறந்துவிட்டால் எடுக்கத் திரும்பிப் போகாதே, அது பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும். அதாவது, கடவுள் அப்பாவாக இருப்பது பெரும்பாலும் யாரோ ஒருவர் கை வழியாகத்தான் வந்து சேரும். எங்கள் சபையில் ஒரு பெரியவர் இருந்தார், என்னிடம் வசனம் எதுவும் சொன்னதில்லை. கல்லூரி விண்ணப்பம் எப்படி நிரப்புவது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டினார். தேர்வு நாளில் வாசலில் வந்து நின்றார். அவர் இறந்தபோது நான் அழுததைப் பார்த்து அவருடைய பிள்ளைகளே ஆச்சரியப்பட்டார்கள்.

அப்புறம் ஆறுதல். அது எனக்கு ஜெபக்கூட்டத்தில் வரவில்லை. இரவு டியூட்டி முடிந்து காலையில் அடுத்த ஷிப்டுக்கு ரிப்போர்ட் கொடுப்போம்: இந்தப் படுக்கையில் இது நடந்தது, அந்தப் படுக்கைக்கு இது பாக்கி என்று. ஒரு காலகட்டத்தில் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அதே மாதிரி ஆண்டவருக்கும் ரிப்போர்ட் கொடுக்க ஆரம்பித்தேன். அலங்காரம் இல்லை, துதி இல்லை. யார் என்னைத் திட்டினார்கள், எந்த நோயாளி பிழைக்கவில்லை, எனக்கு ஏன் எரிச்சல், எல்லாம். அப்பா இருந்தால் வீட்டுக்குப் போய் யாரிடம் சொல்லியிருப்பேனோ அதையெல்லாம். அப்படியே பழகிவிட்டது. எப்போது 'ஆண்டவரே' போய் 'அப்பா' வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஏதோ ஒரு சண்டையின் நடுவில் வந்திருக்கிறது, அது மட்டும் நிச்சயம்.

என் அப்பா இல்லாத வலி இதனால் போய்விட்டதா என்றால், இல்லை. என் கல்யாணத்தன்று காலையில் அது புதிதாக இருந்தது. கடவுள் கிடைத்துவிட்டார், இனி அந்த மனிதர் வேண்டாம் என்று யாராவது சாட்சி சொன்னால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

* * *

திருமுற்றம் எழுதியது:

நான் கிறிஸ்தவன் இல்லை, சைவக் குடும்பம். இந்த இழையில் நுழையலாமா என்று யோசித்தேன், இருந்தாலும் எழுதுகிறேன். எனக்கும் சின்ன வயதிலேயே அப்பா இல்லை. அம்மா வேலைக்குப் போவார், அக்காதான் வளர்த்தாள்.

எங்கள் பக்கம் இறைவன் அம்மையும் அப்பனுமாக ஒரே உருவில் நிற்பவர். அதனால் 'அப்பா' என்ற ஒரே கதவில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது திருநாவுக்கரசர் கதை. அவரைக் கோயிலில் வயதான அடியாராகவே பார்த்துப் பழகியிருக்கிறோம். பெரியபுராணத்தை எடுத்தால் ஆரம்பமே இழப்பு. அப்பா புகழனார் நோயில் இறக்கிறார், தொடர்ந்து அம்மா மாதினியாரும் போகிறார். அக்கா திலகவதியாருக்கு நிச்சயித்த கலிப்பகையார் போரில் மடிகிறார். உயிரை விடத் துணிந்த அக்கா, தம்பிக்காகவே அந்த முடிவைக் கைவிடுகிறாள். அந்தப் பையன் வளர்ந்து, சமண சமயத்துக்குப் போய், சூலை நோயோடு திரும்பி வந்து விழுவதும் அதே அக்காவிடம்தான். அவள்தான் திருநீறு கொடுத்து இறைவன் முன்னால் அழைத்துப் போகிறாள். அப்பன் நீ, அம்மை நீ என்று பிற்பாடு அவர் பாடும்போது, அந்த அக்காவை நினைக்காமல் என்னால் கேட்க முடியவில்லை.

அந்த அநாதைப் பிள்ளையைத்தான் சம்பந்தர் 'அப்பரே' என்று கூப்பிட்டார். நாமும் இன்றுவரை அப்படியே கூப்பிடுகிறோம். இரவுப்பணி அக்கா சொன்ன 'யாரோ ஒருவர் கை' என்பதைப் படித்ததும் இது ஞாபகம் வந்தது.

* * *

அமைதிப்பூ எழுதியது:

வேறு ஒரு பக்கத்தையும் சொல்லிவிட்டுப் போகிறேன். எனக்கு அப்பா இருந்தார். தினமும் மாலையில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நானும் தம்பியும் உள் அறைக்கு ஓடுவோம். அதனால் 'தகப்பனைப்போல' என்று தொடங்குகிற எதுவும் எனக்கு ஆறுதல் இல்லை. ஏசாயா 66இல் "ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல்" என்று இருக்கிறது, நான் அங்கேயே தங்கிவிட்டேன். இன்னும் அப்பா என்று ஜெபிப்பதில்லை. ஜெபம் கேட்கப்படாமல் போனதாகவும் தெரியவில்லை.

கரையோரம், உங்களிடம் இருப்பது ஒரு வெற்றுப் பக்கம். என்னுடையதில் ஏற்கெனவே கிறுக்கியிருந்தது. எது சுலபம் என்று போட்டி வைக்கவில்லை, சும்மா சொன்னேன்.

* * *

கரையோரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரவுப்பணி அக்கா, ஆதியாகமம் 21ஐ வாசித்தேன், அதோடு நிற்காமல் 25 வரை போய்விட்டேன். ஆபிரகாம் இறந்ததும் ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்து அடக்கம் செய்கிறார்கள் என்று இருக்கிறதே. இதை இத்தனை நாள் யாரும் எனக்குச் சொன்னதில்லை. வனாந்தரத்துக்கு அனுப்பப்பட்டவன் எதற்காக வந்தான்? கோபம் இருந்ததா, போய்விட்டதா? ஒன்றும் எழுதவில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது, ஏனென்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

ரிப்போர்ட் முறையை முயன்று பார்க்கிறேன். 'ஆண்டவரே' என்றுதான் தொடங்குகிறேன்.

* * *

நானும்மகனும் எழுதியது:

மன்னிக்கவும், நடுவில் நுழைகிறேன். இரவுப்பணி அக்கா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று எனக்குத் தூக்கமே இல்லை. போன வருடம் என் கணவர் இறந்துவிட்டார். மகனுக்கு ஏழு வயது. நான் அவனிடம் அதே இரண்டு வாக்கியங்களைத்தான் சொல்லியிருக்கிறேன்! ஆண்டவர் எடுத்துக்கொண்டார், ஆண்டவர்தான் இனி அப்பா. அவன் எதுவும் கேட்பதில்லை, ரொம்ப நல்ல பிள்ளையாக இருக்கிறான். அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. சொன்னதை எப்படித் திரும்ப எடுப்பது?

* * *

இரவுப்பணி எழுதியது:

முதலில், நீங்கள் ஒன்றும் கெடுத்துவிடவில்லை. ஏழு வயது, ஒரு வருடம்தான் ஆகிறது. என் அம்மாவும் நானும் இதைப் பேசியபோது எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

எதையும் திரும்ப எடுக்க வேண்டாம், கூடச் சேர்த்துச் சொல்லுங்கள். அப்பா எப்படி இறந்தார் என்பதை அவனுக்குப் புரிகிற வார்த்தையில் உள்ளபடி சொல்லுங்கள்: உடம்பில் என்ன ஆனது, டாக்டர்கள் என்ன செய்து பார்த்தார்கள். 'தூங்கிவிட்டார்' என்று மட்டும் சொல்லவேண்டாம், அப்புறம் படுக்கப் போகவே பயப்படும் பிள்ளைகளை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். அவன் செய்த எதனாலும் அப்பா சாகவில்லை என்று அவன் கேட்காவிட்டாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒருமுறை போதாது. நண்பர் லாசரு இறந்தபோது இயேசு கண்ணீர் விட்டதைச் சொல்லிக்கொடுங்கள். எடுத்துக்கொண்டு போகிறவர் என்பதைவிட, கூட நின்று அழுகிறவர் என்பது அவன் வயதுக்குப் பிடிபடும்.

'ஆண்டவர்தான் உன் அப்பா' என்பதற்குப் பதிலாக, "உனக்கு அப்பா இருந்தார், அவர் பெயர் இது, அவருக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும். ஆண்டவர் நம்மைப் பார்த்துக்கொள்கிறார்" என்று சொல்லிப் பாருங்கள். ஆண்டவருக்காக அப்பாவை அழிக்க வேண்டியதில்லை. போட்டோவை எடுத்து மறைத்திருந்தால் வெளியே வையுங்கள். அவர் எதற்குச் சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார் என்று சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள். நல்லதை மட்டும் சொல்லாதீர்கள், மனிதராகவே இருக்கட்டும்.

ரொம்ப நல்ல பிள்ளையாக இருக்கிறான் என்றீர்களே, அவன் ஒரு நாள் கதவை அடித்துச் சாத்திக் கத்தினால் சந்தோஷப்படுங்கள். வகுப்பு ஆசிரியரிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். தூக்கம், சாப்பாடு, விளையாட்டு இதில் ஏதாவது ரொம்ப நாளாக மாறியிருந்தால் குழந்தைகளுக்கான மனநல மருத்துவரிடம் காட்டுங்கள், ஜெபத்துக்கு அது போட்டி இல்லை.

அவன் பேச ஆரம்பித்தால் அடுத்துக் கேட்பது அநேகமாக "நீயும் செத்துப்போவியாம்மா?" என்பதாக இருக்கும். நான் கேட்டேன், அம்மா அழுதுவிட்டார், அதன்பிறகு நான் கேட்கவே இல்லை. "சாகவே மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். "ரொம்ப நாள் உன்கூட இருக்கணும்னுதான் உடம்பைப் பார்த்துக்கிறேன், எனக்கு ஏதாவது ஆனா இவங்க உன்னைப் பார்த்துப்பாங்க" என்று ஒரு ஆளின் பெயரைச் சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால் அந்த ஆளிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.